ஆத்துத் தண்ணியில மைக்ரோபிளாஸ்டிக்: ஒரே ஆத்துக்கு ரெண்டு ஆய்வுல நூறு மடங்கு வித்தியாசம் ஏன் வருது?

நீங்க கேட்டது இது. நகரத்துக்கு நடுவுல ஓடுற ஒரே ஆத்தைப் பத்தி ரெண்டு ஆய்வு படிச்சிருக்கீங்க, ஒண்ணு ஒரு கன மீட்டர் தண்ணிக்கு ஒரு துகள்கூட தேறலைங்குது, இன்னொண்ணு நூறைத் தாண்டுதுங்குது, இதுல எதை நம்புறது, கரையில கிடக்குற குப்பையை அள்ளிட்டா பிரச்சினை தீந்துடுமா, நாங்க பயப்படணுமான்னு கேட்டிருக்கீங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் அதுக்கு அடியில இருக்குற கேள்வி, இந்த விஷயத்துல யாருக்காவது உருப்படியா ஏதாவது தெரியுமா, இல்ல ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொல்றாங்களான்றதுதான். நியாயமான சந்தேகம். தெரிஞ்சது நிறையவே இருக்கு, ஆனா செய்தியில பெருசா போடுற நம்பர்ல அது இல்ல, அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்றதுலயும் ஆத்துக்குள்ள எந்த வாய் வழியா இது வருதுன்றதுலயும்தான் இருக்கு.

நான் தண்ணி, வண்டல் சாம்பிள் பாக்குற லேப் ஆளு. ஆத்துல இறங்கி சாம்பிள் எடுக்குறதுல இருந்து மைக்ராஸ்கோப் முன்னாடி உக்காந்து எண்ணுறது வரைக்கும் பல வருஷமா செய்ற வேலை. டாக்டர் இல்ல. அதனால தண்ணி, மண்ணு, சாக்கடை பத்திச் சொல்றதை வேலை தெரிஞ்ச ஆளு சொல்றதா எடுத்துக்கோங்க, உடம்பைப் பத்திச் சொல்றதை ஆய்வுக் கட்டுரைகளைக் கவனமா படிக்கிற ஒருத்தர் சொல்றதா மட்டும் எடுத்துக்கோங்க.

முதல்ல அந்த ரெண்டு நம்பர். ரெண்டுமே சரியா இருக்க வாய்ப்பிருக்கு. 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்குற எந்த பிளாஸ்டிக் துகளும் மைக்ரோபிளாஸ்டிக்தான். 2004-ல இங்கிலாந்துல பிளைமவுத் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் தாம்சனும் அவரோட குழுவும் கடற்கரை மணல்லயும் கடல் தண்ணியிலயும் இருந்த நுண்ணிய பிளாஸ்டிக்கைப் பத்தி எழுதுன கட்டுரைக்கு அப்புறம்தான் இந்தப் பேரு பரவுச்சு, 2008-ல அமெரிக்காவுல நோவா, அதாவது கடலையும் வானிலையையும் கவனிக்கிற அரசு அமைப்பு, நடத்துன ஒரு கூட்டத்துல 5 மி.மீ.ன்னு மேல் எல்லை வச்சாங்க. கீழ் எல்லை பொதுவா 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஆக ஒரே பேருக்குள்ள இருக்குற பெருசுக்கும் சிறுசுக்கும் 5,000 மடங்கு வித்தியாசம். அதோட சைஸ் குறையக் குறைய எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகும், 1 மி.மீ. கட்டி ஒண்ணு 100 மைக்ரான் கட்டிகளா உடைஞ்சா எடை அதேதான், ஆனா ஒண்ணா இருந்தது ஆயிரமா ஆயிடும். அப்போ எந்த சைஸ்ல இருந்து எண்ண ஆரம்பிக்கிறோமோ அதுதான் நம்பரை முடிவு பண்ணுது.

இதுக்கு ரொம்ப தெளிவான உதாரணம் பாரிஸ்ல ஓடுற சீன் ஆறு. 2015-ல வந்த ஒரு ஆய்வுல ஒரே ஆத்துல ரெண்டு விதமான வலை போட்டுப் பாத்தாங்க. 330 மைக்ரான் கண்ணு இருக்குற மான்டா டிரால்னு சொல்ற வலையில ஒரு கன மீட்டருக்கு 0.28-ல இருந்து 0.47 துகள்தான் மாட்டுச்சு. 80 மைக்ரான் கண்ணு இருக்குற, தண்ணியில மிதக்குற நுண்ணுயிர்களைப் பிடிக்கிற பிளாங்க்டன் வலையில 3-ல இருந்து 108 வரைக்கும் வந்துச்சு. நீங்க சொல்ற அதே வித்தியாசம், யாரும் பொய் சொல்லல. மெல்லிசான ஃபைபர் எல்லாம், அதாவது துணியில இருந்து வர்ற நூல் துணுக்கு, பெரிய கண்ணு வலையில நீளவாக்குல நுழைஞ்சு போயிடும். சரி, அப்போ சின்ன கண்ணு வலையே எப்பவும் போடலாமேன்னு கேப்பீங்க. நகரத்து ஆத்துல சகதியும் பாசியும் சேந்து கொஞ்ச நேரத்துல அந்த வலை அடைச்சுக்கும், அதுக்கு அப்புறம் வலைக்குள்ள எவ்வளவு தண்ணி போச்சுன்னு நம்பி சொல்ல முடியாது. அதனால சில பேரு வலையே வேணாம்னு பாட்டில்ல ஒரு லிட்டரோ ரெண்டு லிட்டரோ அப்படியே மொண்டு வடிகட்டுவாங்க. இது ஃபைபரை எல்லாம் பிடிக்கும், ஆனா ஒரு லிட்டர்ல கிடைச்சதைக் கன மீட்டருக்கு மாத்தணும்னா ஆயிரத்தால பெருக்கணும். சாம்பிள் எடுத்தவரோட சட்டையில இருந்து ஒரே ஒரு நூல் விழுந்திருந்தாலும் அது ரிப்போர்ட்ல ஆயிரமா நிக்கும்.

இது சும்மா பேச்சுக்குச் சொல்றது இல்ல, இந்த வேலையில பெரிய தலைவலியே இதுதான். லேப்ல பாலியஸ்டர் துணி போட்டுக்கிட்டு உள்ள வரக்கூடாது, பருத்திக் கோட்டுதான், அதுலயும் பளிச்சுன்னு ஆத்துல சாதாரணமா வராத ஒரு கலர்ல போடுவோம், அந்தக் கலர்ல ஒரு ஃபைபர் சாம்பிள்ல தெரிஞ்சா அது நம்மகிட்ட இருந்து விழுந்ததுன்னு உடனே புரியும். எல்லாத்தையும் விட முக்கியம், சுத்தமான தண்ணியை எடுத்து ஆத்துத் தண்ணிக்குப் பண்ற அத்தனை வேலையையும் அதுக்கும் பண்ணிப் பாக்கறது. இதைத்தான் பிளாங்க்னு சொல்றோம். பிளாங்க்லயும் நாலு ஃபைபர் வரும், வராம இருக்காது, காத்துலயே இருக்கே. அது எத்தனைன்னு சொல்லி அதைக் கணக்குல இருந்து கழிச்சிருக்காங்களான்னு பாக்கணும். பிளாங்க் பத்திப் பேச்சே இல்லாத ரிப்போர்ட் எவ்வளவு பயங்கரமான நம்பர் சொன்னாலும் நான் அதை ஓரமா வச்சுடுவேன்.

அடுத்தது எண்ணுற வேலை. சாம்பிள்ல இருக்குற இலை, பாசி மாதிரி உயிர்ப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்திக் கரைச்சிட்டு, உப்புக் கரைசல்ல போட்டு மிதக்கறதை மட்டும் எடுப்போம். இங்கதான் ஒரு சிக்கல் இருக்கு. சாதாரண உப்பைக் கரையுற அளவுக்குக் கரைச்சா அதோட அடர்த்தி, வெறும் தண்ணி 1-ன்னு வச்சா, 1.2 கிட்ட வரும். பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் 1-க்குக் கீழ, பாலிஸ்டைரீன் 1.05, இதெல்லாம் மிதந்துடும். ஆனா பாலியஸ்டரும் பிவிசியும் 1.38 கிட்ட, மண்ணோட மண்ணா அடியிலேயே தங்கிடும். ஜிங்க் குளோரைடு மாதிரி கனமான கரைசல் போட்டாத்தான் அது மேல வரும், அதுக்கு செலவும் அதிகம், கழிவை அப்படியே கொட்டவும் முடியாது. அதனால வெறும் உப்பு போட்டுப் பாத்த ஆய்வுல "இந்த ஆத்துல பாலித்தீன்தான் அதிகம்"னு முடிவு வந்தா, அது ஆத்தைப் பத்திச் சொல்லுதா உப்பைப் பத்திச் சொல்லுதான்னு யோசிக்கணும்.

மேல வந்ததை ஃபில்டர்ல வடிகட்டி மைக்ராஸ்கோப்ல வச்சா ஒரு கூட்டமே தெரியும். தட்டையா ரிப்பன் மாதிரி அங்கங்க முறுக்கிக்கிட்டு இருந்தா பருத்தி நூல். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே தடிமனா, வழுவழுன்னு இருந்தா செயற்கை நூலா இருக்க வாய்ப்பு அதிகம். நீலக் கலர் ஃபைபர் பாத்தவுடனே பிளாஸ்டிக்னு எழுதிடுவாங்க சில பேரு, ஆனா ஜீன்ஸ்ல இருந்து வர்ற சாயம் போட்ட பருத்தியும் நீலம்தான். கறுப்பா, ரெண்டு முனையும் கூம்பி, உருட்டி வச்ச மாதிரி நீளமா ஒரு துணுக்கு இருக்கும், ஊசி முனையால அழுத்தினா அமுங்கி, எடுத்தவுடனே பழையபடி எழும்பும், அது டயர் துகள். கண்ணால பாத்து மட்டும் சொல்றதுல தப்பு நிறைய வரும், அதனால அகச்சிவப்பு ஒளியை வச்சுப் பாக்குற எஃப்டிஐஆர், இல்லேன்னா ராமன் கருவியில வச்சு அது எந்த பிளாஸ்டிக்னு உறுதிப்படுத்தணும். ரெண்டாவது, சர் சி.வி. ராமன் 1928-ல கண்டுபிடிச்ச ஒளிச்சிதறலை வச்சு வேலை செய்யுற கருவி, 1 மைக்ரான் சைஸ் வரைக்கும் இதுல பாக்கலாம். எஃப்டிஐஆர் 10, 20 மைக்ரானுக்குக் கீழ திணறும். டயர் துகள் கறுப்பா இருக்கறதால அகச்சிவப்பு ஒளியை விழுங்கிடும், அதனால எஃப்டிஐஆர்ல அது ஒழுங்கா தெரியவே தெரியாது. ஒரு ஆய்வுல டயர் துகள் பத்தி ஒரு வரிகூட இல்லேன்னா ஆத்துல அது இல்லேன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க, அவங்க கருவிக்கு அது கண்ணுல படல, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், எந்த நாள் எடுத்தாங்க, எங்க இருந்து எடுத்தாங்கன்றது. தண்ணியோட மேற்பரப்புல மட்டும் எடுத்தா பாதிக் கதைதான் கிடைக்கும். பாலித்தீன் மிதக்கும்னு சொன்னேன், ஆனா ஆத்துல அது மேல நுண்ணுயிர் படலம் ஒட்டும், களிமண் ஒட்டும், கனமாகி அடியில உக்காந்துடும். இங்கிலாந்துல மான்செஸ்டர் சுத்துவட்டாரத்துல 10 ஆறுகள்ல 40 இடத்துல அடி வண்டலை எடுத்துப் பாத்த ஆய்வு 2018-ல வந்துச்சு. டேம்னு ஒரு ஆறு, அதுல ஒரு இடத்துல ஒரு சதுர மீட்டர் ஆத்துப் படுகையில 5,17,000 துகள் வரைக்கும் இருந்துச்சு. அதை விட எனக்கு முக்கியமா பட்டது அதுக்கு அடுத்த பகுதி. 2015 கடைசியில அங்க பெரிய வெள்ளம் வந்துச்சு, அவங்ககிட்ட வெள்ளத்துக்கு முன்னாடி எடுத்த சாம்பிள் இருந்துச்சு, பின்னாடியும் போய் அதே இடங்கள்ல எடுத்தாங்க. படுகையில தங்கியிருந்த மைக்ரோபிளாஸ்டிக்ல சுமார் 70 சதவீதம் அடிச்சுக்கிட்டுப் போயிருந்துச்சு. அவங்க கணக்குல அது 4,300 கோடி துகள், எடையில பாத்தா 0.85 டன், ஒரு டன்னுக்கும் கம்மி. ஆக வெள்ளத்துக்கு முந்தின நாள் ஒருத்தர் எடுத்தா ஒரு நம்பர், அடுத்த வாரம் இன்னொருத்தர் எடுத்தா வேற நம்பர், ரெண்டும் அதே ஆறு.

அதே குழு 2021-ல இன்னொரு கட்டுரை போட்டாங்க. படுகையில இவ்வளவு குவியுதுன்னா அது எப்போ வந்து சேருதுன்னு பாத்தாங்க. மழைக்காலத்துல ஆறு வேகமா ஓடும்போது வர்ற துகள் தங்காது, அடிச்சுக்கிட்டுப் போயிடும். தங்கணும்னா ஆறு மெதுவா ஓடுற நாள்ல வரணும். மழையே இல்லாத நாள்ல சுத்திகரிக்காத சாக்கடையை நேரா ஆத்துல விடுறதுதான் இதுக்கு முக்கியக் காரணம்னு காட்டுனாங்க. என் அனுபவமும் இதுக்கு ஒத்துப் போகுது, படுகையில நம்பர் திடீர்னு எகிறுற இடத்துல நின்னு சுத்திப் பாத்தா கொஞ்சம் மேல ஏதோ ஒரு குழாய் வாய் தெறந்திருக்கும். உங்க கேள்விக்கு நான் தர்ற பதில்ல நடு நரம்பு இதுதான்னு வச்சுக்கோங்க. நகரத்து ஆத்துல மைக்ரோபிளாஸ்டிக்கைப் பெருசா தீர்மானிக்கறது கரையில தெரியுற குப்பையை விட சாக்கடையும் ரோட்டுல இருந்து வர்ற மழைத்தண்ணியும்தான்.

சாக்கடையில எப்படி வருதுன்னா, பெரும்பாலும் துணி துவைக்கறதுல இருந்து. 2016-ல பிளைமவுத்ல பண்ணுன சோதனையில 6 கிலோ அக்ரிலிக் துணியை வாஷிங் மெஷின்ல ஒரு தடவை துவைச்சா 7 லட்சத்துக்கும் மேல ஃபைபர் உதிரும்னு கணக்கு வந்துச்சு, பாலியஸ்டர்ல அதை விடக் கம்மி, ஆனா லட்சக்கணக்குலதான். நல்லா வேலை செய்யுற ஒரு சுத்திகரிப்பு நிலையம் இதுல பெரும்பகுதியைப் பிடிச்சிடும். கிளாஸ்கோ பக்கம் கிளைட் ஆத்துல தண்ணி விடுற ஒரு நிலையத்தை 2016-ல ஆய்வு பண்ணினாங்க, உள்ள வரும்போது லிட்டருக்கு 15.7 துகள், வெளிய போகும்போது 0.25, அதாவது 98 சதவீதத்துக்கு மேல நின்னுடுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தண்ணியோட அளவு அவ்வளவு பெருசு, அதனால அந்த ஒரே நிலையத்துல இருந்து அப்பவும் ஒரு நாளைக்கு 6.5 கோடி துகள் ஆத்துக்குப் போச்சு. அது மட்டும் இல்ல, பிடிச்ச 98 சதவீதம் மாயமா மறையல, அது ஸ்லட்ஜ்ல, அதாவது நிலையத்துல அடியில தங்குற கழிவுச் சகதியில இருக்கு, அந்த ஸ்லட்ஜை உரமா வயல்ல போட்டா மண்ணுக்குப் போகுது, மழை பெஞ்சா அதுல ஒரு பங்கு திரும்ப ஆத்துக்கே வரும். இருந்தாலும் சுத்திகரிச்ச தண்ணிக்கும் நேரா விடுற சாக்கடைக்கும் இருக்குற வித்தியாசம் ரொம்ப பெருசு. சுத்திகரிப்பு நிலையம் 98 சதவீதம் பிடிக்குது, 99.9 ஆக்கணும்னு கோடிக்கணக்குல செலவு பண்ற நேரத்துல, அதே ஊர்ல நிலையத்துக்கே போய்ச் சேராத சாக்கடை இருந்தா, அதை முதல்ல கொண்டு போய்ச் சேக்கறதுதான் நியாயமான செலவு. இதுல நான் உறுதியாவே இருக்கேன்.

அடுத்தது ரோடு. இதைப் பத்தி பேசுறது கம்மி, ஆனா வர வர இதுதான் பெருசுன்னு தெரிஞ்சுக்கிட்டு இருக்கு. வண்டி ஓடும்போது டயர் தேயுது, தேஞ்சது எங்க போகும், ரோட்டுல கிடக்கும், மழை பெஞ்சா வடிகால் வழியா ஆத்துக்கு வரும், பெரும்பாலான ஊர்ல மழைநீர் வடிகாலுக்குச் சுத்திகரிப்பே கிடையாது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைப் பத்தி 2019-ல வந்த ஆய்வுல மழைநீர் வழியா வருஷத்துக்கு 7 லட்சம் கோடி துகள் போகுதுன்னு மதிப்பிட்டாங்க, சுத்திகரிச்ச கழிவுநீர் வழியா போறதை விட அது சுமார் 300 மடங்கு, அந்த மழைநீர்ல கிடைச்சதுல கிட்டத்தட்ட பாதி கறுப்பு ரப்பர் மாதிரி துணுக்கு. டயர் விஷயத்துல துகள் மட்டும் பிரச்சினை இல்ல, அதுக்குள்ள இருக்குற கெமிக்கலும் பிரச்சினை. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கோஹோ சால்மன் மீனுங்க முட்டை போட நகரத்து ஓடைகளுக்கு ஏறி வரும், மழை பெஞ்சவுடனே முட்டை போடறதுக்கு முன்னாடியே செத்து மிதக்கும், ரொம்ப வருஷமா காரணம் புரியாம இருந்துச்சு. 2020 டிசம்பர்ல காரணத்தைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. டயர்ல விரிசல் விடாம இருக்க ரப்பர்ல 6பிபிடின்னு ஒரு பொருள் சேக்கறாங்க, அது காத்துல இருக்குற ஓசோனோட சேந்து 6பிபிடி-குயினோனா மாறுது, அதுதான் கொல்லுது. மைக்ரோபிளாஸ்டிக் உலகத்துல "இது இதைக் கொல்லுது"ன்னு கை நீட்டிச் சொல்ற அளவுக்கு உறுதியான விஷயங்கள் ரொம்பக் கம்மி, அதுல இது ஒண்ணு. எல்லா மீனுக்கும் இதே மாதிரி ஆகும்னு சொல்ல முடியாது, அதே குடும்பத்துல இருக்குற சம் சால்மன் தாங்கிக்குது.

ஆத்தங்கரையில பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தா அதுவும் ஒரு வாய். டான்யூப் ஆத்துல 2010-ல இருந்து 2012 வரைக்கும் எடுத்த சாம்பிள்ல கிடைச்ச பிளாஸ்டிக்ல சுமார் 80 சதவீதம் தொழிற்சாலை மூலப்பொருள், உருக்கறதுக்கு முன்னாடி இருக்குற குருணை, செதில் மாதிரி. எண்ணிக்கையில மீன் குஞ்சுங்களை விட மொத்த பிளாஸ்டிக் துகள் அதிகம் இருந்துச்சு. இது ஒரு விதத்துல நல்ல செய்தி, ஏன்னா ஏத்தி இறக்கும்போது சிந்துறதைத் தடுத்தாலே நிக்கும், எங்க இருந்து வருதுன்னும் கண்டுபிடிக்கலாம்.

சரி, கரையில கிடக்குற குப்பை. அள்ளணும், சந்தேகமே வேணாம். வெயில் பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும், இன்னைக்கு அள்ளாத பை நாளைக்கு லட்சம் துணுக்கு. ஆனா நீங்க கேட்ட அர்த்தத்துல, குப்பை அள்ளின அடுத்த மாசம் தண்ணியில மைக்ரோபிளாஸ்டிக் நம்பர் குறையுமான்னா, நான் அப்படி எதிர்பார்க்க மாட்டேன். நொறுங்க வருஷக்கணக்கா ஆகும், அதுக்குள்ள ஃபைபரும் டயரும் தினமும் வந்துக்கிட்டே இருக்கும். இதோட சம்பந்தப்பட்ட ஒரு தப்பான தகவலையும் சொல்லிடறேன், "உலகத்துல 10 ஆறுதான் கடல்ல சேர்ற பிளாஸ்டிக்ல 90 சதவீதத்தைக் கொண்டு போகுது"ன்னு ஒரு வரி இன்னமும் சுத்திக்கிட்டு இருக்கு. 2017-ல வந்த ஒரு கணக்கு அது, அந்தக் கணக்குலயே அது ஆறுகள் வழியா போற பிளாஸ்டிக்ல மட்டும் 88-ல இருந்து 95 சதவீதம். 2021-ல இன்னும் விரிவா பண்ணுன கணக்குல 80 சதவீதத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் பொறுப்புன்னு வந்துச்சு, அதுல நகரத்து வழியா போற சின்னச் சின்ன ஆறுகளுக்குப் பெரிய பங்கு. ரெண்டுமே மாடல் போட்டு எடுத்த கணக்கு, ஆனா நம்ம ஊரு ஆறு சின்னது, அதனால பரவாயில்லன்னு யாரும் சொல்லிக்க முடியாது.

பயப்படணுமான்னு கேட்டதுக்கு வர்றேன். இங்க கவனமா பேசணும். மைக்ரோபிளாஸ்டிக் நம்ம உடம்புக்குள்ள போகுதுன்றது உறுதி, தண்ணி, காத்து, சாப்பாடு எல்லாத்துலயும் இருக்கு, வெளிய போகவும் செய்யுது. வாரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு அளவுக்கு, 5 கிராம் சாப்பிடுறோம்னு 2019-ல பரவுன கணக்கை நம்பாதீங்க, அதுக்கு அப்புறம் வந்த கணக்குங்க அதை விட பல ஆயிரம் மடங்கு குறைவா காட்டுது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல குடிநீர் பத்தி வெளியிட்ட அறிக்கையில, 150 மைக்ரானுக்கு மேல இருக்குற துகள் குடல்ல உறிஞ்சப்பட வாய்ப்பு கம்மின்னும், அப்போ இருந்த ஆதாரத்தை வச்சு குடிநீர் வழியா பெரிய ஆபத்துன்னு சொல்ல முடியாது, ஆனா ஆய்வு பத்தலைன்னும் சொன்னாங்க. அதுக்கு அப்புறம் 2022-ல நெதர்லாந்துல 22 பேரோட ரத்தத்தைப் பாத்ததுல 17 பேர்கிட்ட பிளாஸ்டிக் இருந்துச்சு. 2024-ல இத்தாலியில இருந்து வந்த ஆய்வு கொஞ்சம் கவலைப்பட வைக்குது, கழுத்து ரத்தக்குழாய்ல படிஞ்ச கொழுப்பை ஆபரேஷன்ல எடுத்துப் பாத்து, அதுல பிளாஸ்டிக் இருந்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் இந்த மூணுல ஒண்ணு வர்ற அபாயம் மத்தவங்களை விட சுமார் 4.5 மடங்கு இருந்துச்சுன்னு சொல்லுது. இது சம்பந்தம் இருக்குன்னு காட்டுது, பிளாஸ்டிக்தான் காரணம்னு நிரூபிக்கல. அதோட லேப் ஆளா ஒரு எச்சரிக்கை, சாம்பிளைக் காத்து இல்லாம கடுமையா சூடாக்கி உடைச்சுப் பாக்குற முறையில உடம்போட கொழுப்பும் பாலித்தீன் மாதிரியே சிக்னல் குடுக்கும், கொழுப்பை நல்லா நீக்காம பாத்தா பாலித்தீன் அதிகமா தெரியும். மூளையில இவ்வளவு, ரத்தத்துல இவ்வளவுன்னு வர்ற செய்தியைப் படிக்கும்போது இதை மனசுல வச்சுக்கோங்க. ஆதாரம் இன்னும் முழுசா வரல, அதனால அலட்சியமும் வேணாம், தூக்கம் கெடுற அளவுக்கும் போக வேணாம்.

குடிநீர் விஷயத்துல ஆறுதலா ஒண்ணு சொல்லலாம். ஆத்துத் தண்ணியைக் கலங்கல் நீக்கி, மணல் ஃபில்டர்ல விட்டுத்தான் குழாய்க்கு அனுப்புறாங்க, அந்த வழியில துகள்ல பெரும்பகுதி நின்னுடும். பயந்துக்கிட்டு பாட்டில் தண்ணிக்கு மாறுறது பிரயோஜனம் இல்ல, கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2024-ல பண்ணுன ஆய்வுல பாட்டில் தண்ணியில லிட்டருக்கு சராசரியா 2,40,000 துகள் இருந்துச்சு, அதுல 90 சதவீதம் 1 மைக்ரானுக்கும் கீழ இருக்குற நானோ சைஸ். பாத்தீங்களா, நம்பர் எப்படி எகிறுதுன்னு, இதுவும் எந்த சைஸ் வரைக்கும் எண்ணுனாங்கன்ற அதே கதைதான். மீனைப் பொறுத்தவரைக்கும் இந்தத் துகள் பெரும்பாலும் குடல்லதான் இருக்கும், குடலை எடுத்துட்டா பெரும்பகுதி போயிடும். நகரத்து ஆத்து மீன்ல எனக்கு மைக்ரோபிளாஸ்டிக்கை விட ஈயம், பாதரசம் மாதிரி உலோகமும் சாக்கடைக் கிருமியும்தான் பெரிய கவலை.

என்ன பண்றதுன்னா, வீட்டளவுல துணியை நிறைய சேத்து முழு லோடா, சூடு இல்லாத தண்ணியில, குறைஞ்ச நேரம் துவைச்சா ஃபைபர் உதிர்றது குறையும். டயர்ல காத்து சரியா வச்சுக்கிட்டு, படார்னு பிரேக் அடிக்காம ஓட்டுனா தேய்மானம் குறையும். இதெல்லாம் நல்லதுதான், ஆனா ஆத்தோட கணக்கை மாத்துறது ஊரளவு வேலை. ரோட்டோரமா மழைத்தண்ணியை மண்ணு, செடி, மணல் வழியா இறங்க விட்டு அப்புறம் வடிகாலுக்கு அனுப்புற அமைப்பு இருக்கு, சான் பிரான்சிஸ்கோ பக்கம் அப்படி ஒண்ணை அளந்து பாத்ததுல 90 சதவீதத்துக்கு மேல மைக்ரோபிளாஸ்டிக் அதுலயே நின்னுடுச்சு. பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்ல, இடமும் பராமரிப்பும் வேணும், அப்பப்போ மேல் மண்ணைச் சுரண்டி எடுக்கணும்.

நீங்களே ஏதாவது செய்யணும்னு நினைச்சா லேப் எல்லாம் வேணாம். மழை பெஞ்சு ஒரு வாரம் ஆன ஒரு நாள்ல ஆத்தங்கரையில நடந்து போங்க, மழைநீர் வடிகால் வாய் ஒவ்வொண்ணா பாருங்க. மழையே இல்லாத நாள்ல அதுல இருந்து சோப்பு நுரையோட, கலங்கலா, நாத்தமா தண்ணி வந்துக்கிட்டு இருந்தா, யாரோ சாக்கடையை அதுல இணைச்சிருக்காங்கன்னு அர்த்தம். தெளிவா, வாசனை இல்லாம கொஞ்சமா கசிஞ்சா அது நிலத்தடி ஊத்தா இருக்கலாம், அதை விட்டுடுங்க. சந்தேகப்படுற வாயை போட்டோ எடுத்து, இடம், தேதி, நேரம், கடைசியா எப்போ மழை பெஞ்சுச்சுன்றதையும் சேத்து எழுதி உள்ளாட்சி நிர்வாகத்துக்கும் மாசு கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் குடுங்க. காலையில துணி துவைக்கிற நேரத்துல ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவைன்னு ரெண்டு நேரத்துல எடுத்தா இன்னும் நல்லது, வீட்டுச் சாக்கடையா இருந்தா காலையில வரத்து கூடும், ராப்பகலா ஒரே அளவுல வந்தா வேற ஏதோ பெரிய இணைப்புன்னு தேட ஆரம்பிக்கலாம்.